செகண்ட் ஹேண்ட் கேம் கடைகள் ஏன் மூடுகின்றன, மிச்சம் இருப்பவை எப்படி நிற்கும்?

பால்மரம்_பிளேயர்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த பட்டணங்களில் பழைய கேம் வாங்கி விற்கும் கடைகள் கைப்பேசி ரிப்பேர் கடைகளாக மாறிவிட்டன. பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) டிஸ்க் அடுக்கியிருந்த சுவரில் இப்போது ஸ்கிரீன் புரொடெக்டர் தொங்குகிறது. டிஸ்க்கைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் படத்தை மட்டும் நம்பி ஷாப்பியிலோ கேரசலிலோ காசு கட்ட வேண்டும்.

கேட்டால் எல்லாரும் "எல்லாம் இணையம் வந்ததால்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. செருப்பும் சட்டையும் இணையத்தில் கிடைக்கத்தான் செய்கின்றன, ஆனால் செருப்புக் கடை இருக்கிறதே.

தொழில் தெரிந்தவர்கள் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, உண்மையான காரணம் என்ன? இரண்டு, ரிப்பேர் கடையோடு சேர்த்து ஒரு அலமாரி அளவுக்காவது பழைய கேம் வைத்து விற்க நினைப்பவர் எதை, எப்படிச் சோதித்து வாங்க வேண்டும்?

பேராக்காரன்

முதலில் ஒன்று. இந்தத் தொழிலுக்கு நம் ஊர்களில் ஆயுசே குறைவு. பிஎஸ்1, பிஎஸ்2 காலத்தில் கடைகள் பிழைத்தது மோட் சிப் (காப்பி சிடியையும் ஓட வைக்கும் சிப்) பொருத்தியும் காப்பி சிடி விற்றும்தான். ஐந்து, பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) புது காப்பி கிடைக்கும்போது பழைய ஒரிஜினலை யார் தேடுவார்கள்? பிஎஸ்3-இன் காப்பிப் பூட்டும் 2010-இல் உடைந்தது. 2013-இல் வந்த பிஎஸ்4-தான் கதையை மாற்றியது. அதில் காப்பி டிஸ்க் ஓடாது, எல்லாரும் ஒரிஜினல் வாங்க வேண்டியதாயிற்று. ஒரிஜினல் வாங்கியவனுக்கு விளையாடி முடித்ததும் விற்கத் தோன்றும். ஆக 2013-14 முதல் 2020 வரைதான் நல்ல காலம்.

இந்தத் தொழிலின் லாபம் ஒரு டிஸ்க் எத்தனை கை மாறுகிறது என்பதில் இருக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு டிஸ்க்கை 90 வெள்ளிக்கு வாங்கி 130-க்கு விற்றால் 40 நிற்கும். அதே டிஸ்க் மூன்று மாதத்தில் திரும்பி வந்து 70-க்கு வாங்கி 105-க்குப் போனால் இன்னொரு 35. மூன்றாம் சுற்றில் இன்னொரு 30. ஒரே டிஸ்க்கில் நூறு வெள்ளிக்கு மேல். புது டிஸ்க் விற்று அந்தக் காசை எடுக்க முடியாது, அதில் மார்ஜின் மெலிசு.

இந்தச் சுற்று ஓட ஊரில் டிஸ்க் போடும் கன்சோல் (பிஎஸ்4 மாதிரி கேம் பெட்டி) இருக்கும் வீடுகள் போதுமான அளவு இருக்க வேண்டும். ஈப்போவில் அப்படி ஆயிரக்கணக்கில் இருக்கும். தோட்டப் பட்டணத்தில் சில நூறுதான். அதில் ஒரு வீடு டிஸ்க் போட முடியாத பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷன் வாங்கினால் கடை இழப்பது வாங்குகிறவர், விற்கிறவர் இரண்டு பேரையும். 2020 மார்ச் 18-இல் ஊரடங்கு தொடங்கியபோது கடைகள் சாத்தியிருந்தன, பிஎஸ் ஸ்டோர் என்ற பிளேஸ்டேஷன் இணையக் கடையில் கார்டு போட்டு வாங்கப் பழகினார்கள். அந்த வருடக் கடைசியிலேயே டிஸ்க் படிக்கும் டிரைவ் இல்லாத பிஎஸ்5 வந்தது. 2024 நவம்பரில் பிஎஸ்5 புரோ வந்தபோது டிரைவ் பெட்டியிலேயே இல்லை, தனியாக வாங்க வேண்டும்.

அடுத்த அடி தள்ளுபடி. கடையில் 90-க்கு வாங்கிய டிஸ்க் நாற்பது விற்காமல் இருக்கிறது என்று வையுங்கள், போட்ட முதல் 3,600 வெள்ளி. பிஎஸ் ஸ்டோரில் அதே கேம் இரண்டு வாரத் தள்ளுபடியில் 60 வெள்ளிக்கு இறங்கினால் அந்த நாற்பதும் 60-க்குக் கீழே போக வேண்டும். அடுத்த முறை கடைக்காரர் பயந்து 30 வெள்ளிக்குக் கேட்பார். விற்க வந்த பையன் கோபித்துக்கொண்டு ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் போட்டுவிடுவான். கடைக்குச் சரக்கு வருவது அங்கேயே நின்றுபோகிறது. வாடிக்கையாளர் குறைவதற்கு முன்னால் விற்கக் கொண்டுவருபவர் குறைகிறார், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

செம்பனை_2பி

அண்ணே, பாதிதான் ஒத்துக்கொள்கிறேன். கடைக்காரர்கள் தரப்பிலும் தப்பு இருக்கிறது. புதுசு 199 வெள்ளி விற்கும்போது பழசை 180-க்கு வைத்தால் யார் வாங்குவார்? டிஸ்க் ஓடவில்லை என்று மறுநாள் கொண்டுபோனால் "கொண்டுபோகும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்ற பதில். உத்தரவாதம் இல்லாத கடைக்கும் முகம் தெரியாத விற்பனையாளருக்கும் வித்தியாசம் என்ன?

இன்னொன்று, கேம் கம்பெனிகளே செகண்ட் ஹேண்டை ஒழிக்கப் பல வருடமாக முயன்றார்கள். இஏ என்ற கேம் கம்பெனி 2010-இல் ஆன்லைன் பாஸ் கொண்டுவந்தது. பழைய டிஸ்க் வாங்கினால் ஆன்லைன் ஆடத் தனிக் காசு. எதிர்ப்பு வலுத்து 2013-இல் கைவிட்டார்கள். அதே வருடம் ஜூனில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு மறுவிற்பனைக் கட்டுப்பாடு அறிவித்து, அந்த மாதமே பின்வாங்கியது. சட்டம் போட்டு முடியாததை டிரைவை எடுத்துவிட்டுச் சாதித்துவிட்டார்கள்.

பிள்ளைகள் கைப்பேசிக்குப் போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமை இலவசமாக இறக்கி ஸ்கின்னுக்கு (ஆட்டப் பாத்திரத்தின் உடைக்கு) டாப்-அப் செய்கிற பிள்ளை 100 வெள்ளி டிஸ்க் பக்கம் திரும்பாது.

சரி, சோதனை விஷயத்துக்கு வாருங்கள். கடைக்காரர்கள் டிஸ்க்கைப் போட்டு மெனு வந்ததும் "ஓகே" என்கிறார்கள். அது போதுமா?

லேசர்_வைத்தியர்

போதாது. மெனு வருவது எதற்கும் சான்று இல்லை. பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டும் டிஸ்க்கில் உள்ளதை உள் சேமிப்பில் காப்பி செய்துகொண்டுதான் ஆடும், முழுதாக ஏறும் முன்பே ஆட்டத்தைத் தொடங்கவும் விடும். 65 விழுக்காட்டில் மாட்டிக்கொள்ளும் டிஸ்க்கூட மெனுவை அழகாகக் காட்டும். முறையான சோதனை இது:

இணையத்தைத் துண்டியுங்கள், இல்லாவிட்டால் அப்டேட் இறங்கிக் குழப்பும். சோதனை கன்சோலில் அந்த கேம் ஏற்கனவே ஏறியிருந்தால் அழியுங்கள், அழிக்காவிட்டால் டிஸ்க்கை முழுதாகப் படிக்காது, வெறும் உரிமம்தான் பார்க்கும். பிறகு டிஸ்க்கைப் போட்டு நோட்டிஃபிகேஷனில் காப்பி 100 வரை போகிறதா என்று பாருங்கள். 50 ஜிபி டிஸ்க்குக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். வாடிக்கையாளரை நிற்க வைக்க முடியாது. "சோதித்த பிறகு காசு, மாலையில் வாங்க" என்று சொல்லுங்கள். ரிப்பேர் கடை என்றால் ஒரு மூலையில் பழைய பிஎஸ்4 ஒன்று நாள் முழுக்க இதையே செய்துகொண்டிருக்கலாம்.

அதற்கு முன்னால் கண் சோதனை. கைப்பேசி டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் கீறல் பெரும்பாலும் பிரச்சினை தராது. டிஸ்க்கோடு வட்டமாக ஓடும் கீறல்தான் ஆபத்து. தகவல் தடம் வட்டமாகத்தான் போகிறது, அந்தக் கீறல் தொடர்ச்சியாக ஒரே தடத்தைக் கெடுக்கும், பிழைதிருத்தம் ஈடுகொடுக்காது. நடு ஓட்டையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருந்தால் வாங்காதீர்கள், வேகமாகச் சுழலும்போது வெடிப்பு வளரும்.

அடுத்தது டிஸ்க் வகை. கடைக்காரர்கள் அதிகம் நஷ்டப்படுவது இங்கேதான்.

சிடி: மொத்த தடிமன் 1.2 மில்லிமீட்டர், தகவல் லேபிள் பக்கத்துக்கு ஒட்டியே இருக்கும். கீழ்ப்பக்கக் கீறலைத் தேய்த்து எடுக்கலாம். லேபிள் பக்கம் சுரண்டப்பட்டிருந்தால் தகவலே போயிற்று. பிஎஸ்1-இன் கறுப்பு டிஸ்க்குகளும், பிஎஸ்2-இல் அடிப்பக்கம் நீலமாக இருப்பவையும் சிடி.

டிவிடி: தகவல் நடுவில், இரு பக்கமும் 0.6 மில்லிமீட்டர். பிஎஸ்2-இன் வெள்ளி நிற டிஸ்க்குகள் இவை. தேய்க்கலாம், ஆனால் சிடி அளவுக்கு இடம் இல்லை.

புளூ-ரே: பிஎஸ்3, 4, 5. தகவல் கீழ்ப்பக்கத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில். அதன்மேல் கடினப் பூச்சு ஒன்று இருப்பதால் எளிதில் கீறாது. கீறிவிட்டால் தேய்க்க அங்கே ஒன்றும் இல்லை. பாலிஷ் மெஷினில் போட்டால் பூச்சு போய் டிஸ்க் மங்கிச் செத்துவிடும். பற்பசையும் அதே கதைதான், அதில் இருப்பதும் தேய்க்கும் துகள். ஆழக் கீறல் உள்ள புளூ-ரேயை வாங்கவே வேண்டாம்.

நம் ஊர் ஈரப்பதத்தில் இன்னொரு எதிரி பூஞ்சை. டிஸ்க் மேல் நூல் பரவியது போல் வெளிறிய கோடுகள் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, பிறகு நல்ல தண்ணீர், மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைப்பது. வட்டமாகத் துடைக்கக் கூடாது, துணியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் நான் மேலே சொன்ன வட்டக் கீறல் விழும். சரக்கை மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு, நிமிர்த்தி அடுக்குங்கள். ஜெல் நிறம் மாறினால் சுமார் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் காய வைத்து மறுபடி பயன்படுத்தலாம்.

பால்மரம்_பிளேயர்

இதைத்தான் தேடினேன், நன்றி அண்ணே. பாலிஷ் மெஷின் வாங்கி வைப்பது லாபமா? டிஸ்க் நல்லது, கன்சோல்தான் படிக்கவில்லை என்று எப்படிப் பிரித்து அறிவது?

லேசர்_வைத்தியர்

மெஷின்: பிஎஸ்2 சரக்கு நிறைய வந்தால் மட்டும். பிஎஸ்4 கடைக்கு அது வேலையே செய்யாது. வாங்கினாலும் ஒரே மூச்சில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள், சூட்டில் டிஸ்க் வளையும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே ஆற விடுங்கள், பேடை மாற்றும்போது முந்திய மாவைச் சுத்தமாகக் கழுவுங்கள்.

பிரித்தறிய, நல்லது என்று உறுதியான மூன்று டிஸ்க் கடையில் நிரந்தரமாக இருக்க வேண்டும்: ஒரு டிவிடி படம், ஒரு பிஎஸ்4 கேம், ஒரு புளூ-ரே படம். படம் வாங்கும்போது புளூ-ரே ரீஜன் ஏ, டிவிடி ரீஜன் 3 பாருங்கள், அதுதான் மலேசியா. பிஎஸ்4 கேமுக்கு ரீஜன் (விற்கும் வட்டாரம்) பூட்டு இல்லை, படத்துக்கு உண்டு. டிவிடி ஓடி புளூ-ரே ஓடாவிட்டால் லேசரில் நீல டயோடு போய்விட்டது. எதுவுமே சுழலவில்லை என்றால் முதலில் ரிப்பன் கேபிளைப் பாருங்கள்.

லென்ஸ் சுத்தம்: 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹால், காது துடைக்கும் பஞ்சு, ஒரே சொட்டு, அழுத்தாமல். தீராவிட்டால் லேசர் மாற்றம். பிஎஸ்4-இன் முதல் மாடலுக்குப் பெரும்பாலும் கேஇஎஸ்-490ஏ, பிஎஸ்3 ஸ்லிம்முக்கு கேஇஎஸ்-450ஏ. சில புது லேசர்களில் நிலைமின் பாதுகாப்புக்கு ஒரு குட்டி ஈயப் பொட்டு இருக்கும், ரிப்பனைச் சொருகிய பிறகு அதை எடுக்க வேண்டும். எடுக்காமல் மூடினால் "புது லேசரும் கெட்டது" என்று திருப்பி அனுப்பும் நிலை வரும்.

முக்கியமானது: சியுஎச்-1000, 1100 என்ற மாடல் எண் வரிசை பிஎஸ்4-இல் டிரைவ் போர்டு மதர்போர்டுடன் சோடி சேர்த்தது. முழு டிரைவை வேறொன்றிலிருந்து எடுத்து மாட்டினால் டிஸ்க் படிக்காது. லேசரை மட்டும் மாற்றுங்கள், அல்லது பழைய போர்டைப் புது டிரைவுக்கு மாற்றுங்கள். அதே வரிசையில் டிஸ்க் தானாக வெளியே துப்பினால் டிரைவைச் சந்தேகிக்காதீர்கள். தொடு பொத்தானுக்கு நேர் கீழே உள்ள ரப்பர் கால் மேலே தள்ளுவதால் வருவது அது. 1200 வரிசையில் அழுத்தும் பொத்தான் வந்துவிட்டது, இந்தத் தொல்லை இல்லை.

காசெட்_பெட்டி

டிஸ்க்கையே பேசுகிறீர்கள். தோட்டப் பட்டணக் கடைக்கு நான் சொல்வது நிண்டெண்டோ. அந்தக் கம்பெனியின் சொந்த கேம்கள் விலை எளிதில் இறங்காது, கேம் வரும் கார்டு கீறாது, பூஞ்சை பிடிக்காது, சோதனைக்கு இரண்டு நிமிடம். பேராக்காரன் அண்ணன் சொன்ன சுற்று இன்னும் ஓடுகிற இடம் இதுதான்.

வாங்கும்போது கார்டின் தங்கக் கோடுகளைப் பாருங்கள், பச்சை படிந்திருந்தால் ஆல்கஹாலில் துடைத்து மறுபடி போடுங்கள். நிண்டெண்டோ சுவிட்ச் கன்சோலின் ஒவ்வொரு கார்டிலும் தனித்தனிச் சான்றிதழ் பதிந்திருக்கிறது. விற்றவர் அதைக் காப்பி எடுத்து வைத்துக்கொண்டு இணையத்தில் ஆடினால், கார்டை நியாயமாக வாங்கியவரின் கன்சோலும் தடைக்கு மாட்டலாம். கடைக்காரர் விற்றவர் விவரம் எழுதி வைப்பதும், வாங்குபவருக்கு ரசீது தருவதும் இதற்காகவே அவசியம்.

பழைய சுவிட்ச் கன்சோல் வாங்கினால் கட்டாயம் இணையத்தில் இணைத்து ஈஷாப்பை (நிண்டெண்டோவின் இணையக் கடை) திறங்கள். 2124-4007 என்று வந்தால் தடை செய்யப்பட்ட மெஷின், பாதி விலைக்குக்கூட எடுக்காதீர்கள். ஜாய்-கான் (சுவிட்சின் கைப்பிடி கன்ட்ரோலர்) ஸ்டிக்கை அமைப்புப் பக்கத்தில் சோதியுங்கள், விட்டதும் புள்ளி நடுவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஸ்டிக் மாற்றும் செலவைக் கழித்து விலை சொல்லுங்கள். திறக்க மூன்று முனை ஒய்00 ஸ்குரூடிரைவர் வேண்டும்.

கேம்பாய் காசெட் இப்போது சேகரிப்பவர்கள் கேட்கும் சரக்கு, போலியும் அதே அளவு. போக்கிமான் கோல்டு, சில்வர், கிரிஸ்டல் மூன்றிலும் சேவ் நிற்பது சிஆர்2025 பேட்டரியால். செத்திருந்தால் கேம் ஓடும், சேவ் நிற்காது. ரூபி, சஃபையர், எமரால்டில் சிஆர்1616, அது கடிகாரத்துக்கு மட்டும், செத்தாலும் சேவ் போகாது. "பேட்டரி போச்சு, அதான் சேவ் ஆகல" என்று யாராவது எமரால்டை விற்க வந்தால் அது அநேகமாகப் போலி. பழைய கேம்பாய், கேம்பாய் கலர் காசெட்டைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் ஸ்குரூடிரைவர் வேண்டும். காது (ஈயம் வைக்கும் தகடு) வைத்த பேட்டரியை வாங்குங்கள், பேட்டரி மேலேயே நேரடியாக ஈயம் வைத்தால் சூட்டில் வெடிக்கலாம். பேட்டரியைக் கழற்றினால் பழைய சேவ் அழியும், உரிமையாளரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ரிசீட்_இருக்கா

பொருள் எல்லாம் பேசியாச்சு, காகிதம் பேசுவோம். பழைய பொருள் வாங்கி விற்க 1946-ஆம் ஆண்டு பழைய பொருள் வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. உரிமம் போலீஸ் மூலம். நகராண்மைக் கழக வியாபார லைசன்ஸ் வேறு, இது வேறு. சுங்கை சிப்புட் என்றால் கோலா கங்சார் நகராண்மைக் கழகம். ரிப்பேர் லைசன்ஸ் இருக்கிறது, பழைய கன்சோலும் விற்கலாம் என்று நினைத்து மாட்டிக்கொள்ள வேண்டாம், இரண்டு இடத்திலும் விசாரியுங்கள்.

ஒரு தடித்த நோட்டு போதும்: தேதி, விற்றவர் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், பொருள், சீரியல் எண், கொடுத்த காசு, கையெழுத்து. பள்ளிப் பிள்ளை கொண்டுவந்தால் அப்பாவோ அம்மாவோ வந்து கையெழுத்து போடட்டும். திருட்டுக் கன்சோல் பிரச்சினையில் கடையைக் காப்பாற்றுவது அந்த நோட்டுதான்.

மோட் சிப் ஆசையும் வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் 1987-இல் 2012 திருத்தத்துக்குப் பிறகு பூட்டு உடைப்பதற்கே தனிப் பிரிவு, 36ஏ, இருக்கிறது.

டிஸ்க் பெட்டியின் பின்புறம் ரீஜன் எண் பாருங்கள். நம் பக்கத்துச் சரக்கு 3. ஐரோப்பிய 2 டிஸ்க்கும் ஓடும், ஆனால் மலேசியக் கணக்கில் வாங்கும் டிஎல்சி (கேமின் கூடுதல் பகுதி) அதில் ஏறாது. சொல்லாமல் விற்றால் வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். அட்டையில் "முழுப் பதிப்பு" என்று போட்டிருந்தாலும் கூடுதல் பகுதி டிஸ்க்கில் இருக்கிறதா, உள்ளே தந்த கோடில் இருந்ததா என்று பாருங்கள். கோடு ஒரு முறைதான், முதல் ஆள் பயன்படுத்தியிருப்பார்.

செம்பனை_2பி

சுவிட்ச் 2-இல் கீ-கார்டு என்று ஒன்று வந்திருக்கிறதே, அதை மறுபடி விற்க முடியுமா?

காசெட்_பெட்டி

முடியும் தம்பி. அந்தக் கார்டில் கேம் இல்லை, சாவி மட்டும்தான். போட்டதும் முழு கேமை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், ஆடும்போது கார்டு உள்ளே இருக்க வேண்டும். கணக்கோடு ஒட்டாததால் கை மாறலாம். ஆனால் இறக்கித் தரும் சர்வர் இருக்கும் வரைதான் அதற்கு மதிப்பு. நிண்டெண்டோவின் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ ஈஷாப் 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்தியது, எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில். ஆகவே கீ-கார்டைச் சாதாரண கார்டைவிடக் குறைத்து வாங்குங்கள், தனி வரிசையில் வையுங்கள், வாங்குபவர் வீட்டில் இணையம் இருக்கிறதா என்று கேளுங்கள். தோட்டத்து உள் வீடுகளில் கைப்பேசி டேட்டாவில் ஓட்டுபவர்களுக்குப் பத்து இருபது ஜிபி இறக்குவது பெரிய செலவு. அப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் பழைய டிஸ்க் கடை உண்மையில் தேவை. முழு கேமும் உள்ளே இருக்கும் டிஸ்க் எது, கார்டு எது என்று பிரித்து வைத்திருக்கும் கடைக்கு அவர்கள் தேடி வருவார்கள்.

பேராக்காரன்

விலை போட ஒரு முறை சொல்லிவிடுகிறேன். செம்பனை தம்பி சொன்ன 180 வெள்ளித் தப்பு இதனால் வராது.

கடையில் புதுசு என்ன விலை என்பதை மறந்துவிடுங்கள். பிஎஸ் ஸ்டோரில் அந்த கேம் இதுவரை தொட்ட அடிமட்டத் தள்ளுபடி விலையைப் பாருங்கள், விலை வரலாறு காட்டும் தளங்கள் இருக்கின்றன. விற்கும் விலை அதற்கு மேல் போகக் கூடாது, வாங்கும் விலை அதில் பாதி. அடிமட்டம் 70 என்றால் 35-க்கு வாங்கி 60, 65-க்கு விற்கலாம். விற்றவர் காசுக்குப் பதில் வேறு கேம் எடுத்தால் 45 மதிப்பு கொடுங்கள். காசு கடையை விட்டுப் போகாது, டிஸ்க் சுற்றுக்குள் நிற்கும், மார்க்கெட்பிளேஸை விட நல்ல பேரமாகவும் தெரியும்.

கால்பந்து கேமை ஜூலைக்குப் பிறகு வாங்காதீர்கள், செப்டம்பர் வாக்கில் புதுப் பதிப்பு வரும், பழசு பத்து வெள்ளி பெறாது. பிஎஸ் பிளஸ் சந்தாவின் மாத இலவசத்தில் வந்த கேமும் அப்படியே. ஆன்லைன் மட்டும் ஆடும் கேமில் சர்வர் மூடிவிட்டார்களா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு பேர் ஒரே சோபாவில் ஆடும் கேமுக்கு எப்போதும் ஆள் உண்டு, தீபாவளி விடுமுறைக்கு முன்னால் அதைச் சேர்த்து வையுங்கள்.

உத்தரவாதம் ஏழு நாள், எழுத்தில். லேசர்_வைத்தியர் சொன்ன முழுச் சோதனை செய்த டிஸ்க்குக்கு இது பயமில்லாமல் கொடுக்கலாம். இணையத்தில் முகம் தெரியாமல் விற்பவர் தர முடியாதது இந்த ஏழு நாள்தான்.

பால்மரம்_பிளேயர்

கடைசியாக ஒன்று. பிஎஸ்5 ஸ்லிம், புரோவுக்குக் கழற்றி மாட்டும் டிரைவ் பழசாக வருகிறது. வாங்கி விற்கலாமா?

லேசர்_வைத்தியர்

வாங்கலாம், கடையில் மாட்டிச் சோதித்த பிறகு. அந்த டிரைவ் முதல் முறை மாட்டும்போது கன்சோலோடு சோடி சேர இணையம் கட்டாயம். வேறு கன்சோலுக்கு மாற்றினால் அங்கேயும் மறுபடி ஒரு முறை. டிரைவை மட்டும் வாங்கிப்போகிறவரிடம் வீட்டில் வைஃபை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் கன்சோலைக் கடைக்கே கொண்டுவரச் சொல்லி உங்கள் இணைப்பில் சேர்த்துக் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை. சோதிக்கும்போது ஒரு பிஎஸ்4 டிஸ்க், ஒரு பிஎஸ்5 டிஸ்க் இரண்டையும் போட்டுப் பாருங்கள். பிஎஸ்5 டிஸ்க் 100 ஜிபி வரை பல அடுக்கு கொண்டது, லேசர் தளர்ந்திருந்தால் அதில்தான் முதலில் தடுமாறும்.

டிரைவ் விற்கும்போது கூடவே இரண்டு பழைய பிஎஸ்4 டிஸ்க்கை எடுத்துக் காட்டுங்கள். டிஜிட்டல் கன்சோல் வைத்திருந்த ஒரு வீடு டிஸ்க் பக்கம் திரும்பி வருகிறது, பேராக்காரன் சொன்ன கணக்கில் அது வாங்குகிறவர் ஒருவர், விற்கிறவர் ஒருவர்.